கொளுக்கியில் வைத்த குங்குமம்

ஆயுத பூசை அன்று காலை ஆறு மணிக்கு, வேலை தொடங்குமுன், தவம் தன் மெசினுக்குப் பொட்டு வைத்தார்.

சந்தனத்தை விக்ஸ் டப்பாவுக்குள் குழைத்து வைத்திருந்தார். குங்குமம் கடதாசிச் சுருளில் இருந்தது. மெல்பேர்ன் புறநகரான டார்னெய்ட்டிலிருந்து வந்த முப்பத்தைந்து நிமிடமும் இரண்டையும் மடியில் பொத்திக்கொண்டே வந்தார். கார் ஓட்டிய கிருபானந்தன் அதே தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்பவன். வழியெல்லாம் பகிடி விட்டான்.

“தவம் அண்ணை, இந்த மெசினுக்கும் வயது வந்திட்டுது. ஒரு மாப்பிள்ளை பாக்கவோ?”

“சோறு போடுற மெசின் அடா. வாயைப் பொத்திக்கொண்டு ஓடு.”

மெசினின் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு பூசினார். நடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தார். பிறகு, பக்கத்தில் தட்டில் அடுக்கியிருந்த இரும்புக் கொளுக்கிகளில் முதலாவதை எடுத்து அதற்கும் ஒரு சிறு பொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். விரல் நீளம்கூட இல்லாத கொளுக்கி அது. தட்டின் ஓரத்தில் பட்டறையின் பெயரும் இலக்கமும் அச்சடித்த அட்டை ஒட்டியிருந்தது.

தொழிற்கூடத்துக்குள் கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். ஆனால் வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும், கூடத்துக்குப் பொறுப்பான டேரன் கண்டும் காணாமல் விடுவான். இந்த முறை அவனே தவத்தின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக்கொண்டான்.

“நெற்றியில் துப்பாக்கிச் சூடு வாங்கியவன் மாதிரி நிற்கிறது உன் மெசின்!” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். “நீயாவது சிரி, தவா. உன் தங்கச்சிக்கு அனுப்ப வேண்டாமா?”

தவம் சிரித்தார். டேரன் படம் எடுத்தான். மெசினின் கண்ணாடிக் கதவில், தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்ற டேரனின் உருவமும் மங்கலாக விழுந்திருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அறைக்கு வா. உன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.”

அந்தக் கடிதத்துக்காகத்தான் தவம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

*

தவத்துக்கு ஐம்பத்தொரு வயது. கிளிநொச்சியில் கடைசல் பட்டறையில் வேலை செய்தவர். நாகபூசணி என்ற பெண்ணைக் காதலித்து, அவளுடைய வீட்டாரிடம் அடி வாங்கி, கடைசியில் அவர்கள் சம்மதத்தோடேயே கட்டியவர். சஜிதா என்று ஒரே ஒரு பிள்ளை.

இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதத்தில் மூவரும் பதுங்குகுழிக்குள் கிடந்தார்கள். நான்கு வயதுச் சஜிதா பசியில் அனுங்கினாள். மேலே அடுப்பில் கஞ்சி இருந்தது. “நான் ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வாறன்” என்று நாகபூசணி ஏறினாள். அந்த நேரம் பார்த்து கிபிர் வந்தது. வன்னியில் அந்தப் போர் விமானத்தை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். அதன் சத்தம் கேட்கும்போதே குண்டு விழுந்து முடிந்திருக்கும். தவம் பிள்ளையின் காதுகளைப் பொத்தினார். அவருடைய தோளில் ஒரு குண்டுச் சன்னம் பாய்ந்தது. புகை அடங்கியபின் மேலே ஏறி, நாகபூசணியைப் பொறுக்கி ஒரு சாரத் துணியில் கட்டினார். சாரம் பாரமாக இருக்கவில்லை.

மூன்று வருடம் கழித்துப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படகேறினார். இருபத்திரண்டு நாள் கடலில் கிடந்தார்கள். அவுஸ்திரேலியா அவருக்கு முதலில் முகாமைக் கொடுத்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலாவதியாகும் விசாவைக் கொடுத்தது, பிறகு “உமது கதையை நாங்கள் நம்பவில்லை” என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தது. அவரோடு படகில் வந்த பலருக்கு நிரந்தர விசா கிடைத்தபோதும், நிராகரிக்கப்பட்டவர்கள் பட்டியலில் கிடந்த அவருக்கும் சஜிதாவுக்கும் கிடைக்கவில்லை. பதின்மூன்று வருடம் அப்படியே போனது.

இப்போது கடைசியாக ஒரு வழி இருந்தது. அமைச்சருக்கே நேரடியாக விண்ணப்பம் போடலாம். அதை எழுதிக்கொண்டிருந்தவர் விமலாதேவி என்ற வழக்கறிஞர். “தவம், உங்களிட்டப் படிப்பும் இல்லை, சொத்தும் இல்லை. ஆனா கை இருக்கு. இந்தாள் இல்லாமல் எங்கட வேலை நடக்காது எண்டு முதலாளி பக்கத்தால ஒரு கடிதம் வேணும். திங்கட்கிழமை நான் எல்லாத்தையும் அனுப்பவேணும்” என்று அவர் சொல்லியிருந்தார்.

டேரன் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டான். அதற்கு அவனுக்கும் காரணம் இருந்தது. அந்தக் கொளுக்கி வேலையைக் குடியுரிமை உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும் என்பது விதி. அவர்கள் செய்ததில் பாதி, அளவு பிழையாகித் திரும்பி வந்தது. ஆறு மாதத்துக்கு முன் டேரன் யாருக்கும் சொல்லாமல் தவத்தை அந்த மெசினில் விட்டான். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

“இது என்ன சாமான்?” என்று தவம் ஒருநாள் கேட்டார்.

“விமானச் சாமான்” என்றான் டேரன்.

விமானம் என்றால் ஆட்கள் ஏறிப் போவது என்றுதான் அந்த அப்பாவி மனிதர் நினைத்தார். கதிரைக்கோ கதவுக்கோ பூட்டுகிறார்களாக்கும் என்று விட்டுவிட்டார்.

*

ஒரு மாதத்துக்கு முன்பு வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

சஜிதாவுக்கு இருபது வயதாகிவிட்டது. பல்கலைக்கழகம் ஒன்று கருணைப்பட்டுக் கொடுத்த உதவிப்பணத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்குப் போய்விடுவாள். காசாவில் குண்டு போடும் விமானங்களை அமெரிக்கா கொடுக்கிறது, அவுஸ்திரேலியா அமெரிக்காவுக்குத் துணை நிற்கிறது என்று அங்கே கிழமை தவறாமல் ஊர்வலம் நடந்தது. தவம் அவளைத் தடுக்கவில்லை. “பொலிஸ் நிக்கிற பக்கம் போகாத, பிள்ளை” என்பதோடு நிறுத்திக்கொள்வார். நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் அவர்கள் விசா வாங்கியிருந்தார்கள். ஒரு சிறு வழக்கு வந்தாலும் போதும், எல்லாம் போய்விடும்.

அன்று குசினி மேசையில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சஜிதா மடிக்கணினியைத் தகப்பன் பக்கம் திருப்பினாள்.

“அப்பா, இங்க பாருங்க. உங்கட வேலைப் பக்கம்தான் எங்கயோ இதைச் செய்யினமாம்.”

திரையில் ஒரு போர் விமானத்தின் இறக்கை தெரிந்தது. அதன் அடிவயிற்றில் ஒரு குண்டு தொங்கியது. பக்கத்தில், குண்டைப் பிடித்திருக்கும் சாமானைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

“இதுதான் ஹூக். குண்டை இதுதான் பிடிச்சு வைச்சிருக்கும். பைலட் பட்டனை அமத்தினா திறந்துவிடும். ஜஸ்ட் லைக் தட். இங்க செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகினமாம். அமெரிக்கா அங்க குடுக்குது.”

தவத்துக்குப் புட்டுப் புரைக்கேறியது. கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் அவருக்கு அந்தச் சாமானைத் தெரியும். அதன் உள்வளைவில் இருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுப்பவரே அவர்தான்.

“ஆர்... ஆர் செய்யினமாம்?”

“பேர் தெரியேல்ல. ஒரு சின்னப் பட்டறை. கண்டுபிடிப்பம். தண்ணி குடியுங்கோ அப்பா, புரைக்கேறிட்டுது.”

அடுத்த நாளும் அவர் வேலைக்குப் போனார். மெசின் ஓடியது. கொளுக்கிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் நிறைந்தன. கை தவறி ஒன்றாவது பிழைத்துப் போகும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் பிழைக்கவில்லை. அதற்காக அவர் தன்னையே வெறுத்தார். வெறுத்தபடியே ஒரு மாதம் வேலைக்குப் போனார். கடிதம் கைக்கு வரும்வரைக்கும்தான் என்று ஒவ்வொரு காலையும் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

*

ஆயுத பூசைப் படத்தைத் தவம் வழக்கம்போல குடும்ப வட்சப்பில் போட்டார். அந்தக் குழுவில் வவுனியாவிலுள்ள தங்கச்சி, அவளுடைய பிள்ளைகள், தவம், சஜிதா இவர்கள் மட்டும்தான். வருடா வருடம் போடுகிற படம்தானே; பக்கத்துத் தட்டும் அதில் விழுந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. தங்கச்சி பூங்கொத்து ஒன்றும் கும்பிடும் கை இரண்டும் பதிலாக அனுப்பினாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது சஜிதா குசினிக்குள் நின்றாள். தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இது என்னப்பா?”

“ஆயுத பூசை...”

“அது தெரியும். இந்தத் தட்டில கிடக்கிறது என்ன?”

தவம் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அண்டைக்குப் படம் காட்டேக்க தெரியுமோ உங்களுக்கு?”

“ஓம்.”

“தெரிஞ்சும் போனீங்களோ? ஒரு மாசம்? ஹவ் குட் யூ?”

“போகாம? விசாவை ஆர் தாறது? நீ பிடிக்கிற பதாகையோ?”

“அம்மாவை எது கொன்றது அப்பா?”

“எடியே, கொம்மாவைப் பொறுக்கினவன் நான். எனக்குப் படிப்பிக்காத.”

“பொறுக்கின அந்தக் கையாலதானே இதைச் செய்யிறீங்க!”

தவம் எழும்பி அவளை அறைந்தார். இருபது வருடத்தில் அவர் அவளைத் தொட்டு அடித்ததில்லை. அடித்த கையைத் தானே பார்த்து நின்றவர், அப்படியே நிலத்தில் சரிந்து அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டார். பெற்ற மகளின் காலை.

“பிள்ளை, வெள்ளிக்கிழமை மட்டும் பொறு. கடிதம் கைக்கு வரட்டும். திங்கட்கிழமை நான் வேலைய விடுறன். கொம்மா மேல சத்தியம். விசா எனக்கில்லையடி, உனக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் பொறு.”

“சரி, எழும்புங்கோ.”

“பொறுப்பியோ?”

“ஓகே, அப்பா.”

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் சஜிதா தொலைபேசியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை அப்பாவின் வேலைப் பக்கம் பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்று நடக்கப்போகிறது. எந்தப் பட்டறை என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் அதன் வாசலிலேயே நடத்தலாம் என்று அவளுடைய தோழர்கள் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆதாரம் இப்போது அவள் கையில் கிடந்தது. கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவள் தகப்பனைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. படத்திலிருந்து அவருடைய முகத்தை வெட்டினாள், கையை வெட்டினாள், மெசினையும் கண்ணாடிக் கதவையும் சுவர் மணிக்கூட்டையும் வெட்டினாள். தட்டும், கொளுக்கிகளும், பட்டறையின் பெயரும் இலக்கமும் உள்ள அட்டையும் மட்டும் மிஞ்சின. பெரிதாக்கி மூன்று தரம் பார்த்தாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

முதலாவது கொளுக்கியில் இருந்த சிவப்புப் பொட்டை அவளும் பார்த்தாள். ஆனால் அது அவளுக்கு ஒரு பொருளாகவே தோன்றவில்லை. வீட்டுக் கதவில், அப்பாவின் பழைய காரில், அவளுடைய முதல் மடிக்கணினியில், புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டியில் எல்லாம் அவள் அந்தப் பொட்டைப் பார்த்து வளர்ந்தவள். அவளைப் பொறுத்தவரை பொட்டு இல்லாத பொருள்தான் கண்ணில் படும்.

படத்தை அனுப்பினாள்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தவம் கையைக் கழுவித் தலையை வாரிக்கொண்டு டேரனின் அறைக்குப் போனார். வெளியே தெருவில் மேளச் சத்தமும் கோஷமும் கேட்டன. எட்டு மணியிலிருந்தே வாசலில் சனம் கூடிவிட்டது.

“உனக்கென்ன, நீ உட்கார்” என்றான் டேரன். அவனுடைய முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கடிதம் மேசையில் இருந்தது. தவம் எட்டிப் பார்த்தார். பதின்மூன்று வருடத்தில் அவருடைய முழுப்பெயரை ஒரு எழுத்தும் பிழையில்லாமல் அச்சடித்த முதலாவது ஆங்கிலக் கடிதம் அது. டேரன் பேனையைத் திறந்தான்.

அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் தொலைபேசி இருந்தது.

“இதைத்தான் வெளியே பெரிதாக அச்சடித்துப் பிடித்திருக்கிறார்கள். இது நம்முடைய தட்டுத்தானே? யாருடைய வேலை இது? நாற்பது பேரில் யாரென்று பிடிப்பது?”

டேரன் படத்தை வாங்கிப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். பிறகு அவனுடைய பார்வை முதலாவது கொளுக்கியில் வந்து நின்றது. அந்தத் தொழிற்சாலையில் இரும்புக்குப் பொட்டு வைக்கிற மனிதன் ஒருவன்தான் இருந்தான்.

டேரன் பேனையை மூடி வைத்தான்.

“இது என்ன, தவா?” என்று முதன்முதலாகப் பார்ப்பவனைப் போலக் கேட்டான். உடனே அந்தப் பெண்ணிடம் திரும்பினான். “தொலைபேசி கொண்டுவராதே என்று இவனுக்கு எத்தனை தடவை சொன்னேன்! இந்த வேலையில் இவனை நான் விடவே இல்லை. எனக்குத் தெரியாமல் அந்த மெசினுக்குப் போயிருக்கிறான்.”

“நீதானே படம் எடுத்தாய், டேரன்” என்றார் தவம்.

“நானா? ஆதாரம் இருந்தால் காட்டு.”

ஆதாரம் இருந்தது. தவத்தின் தொலைபேசியிலிருந்த முழுப்படத்தில், கண்ணாடிக் கதவில் டேரனே நின்றான். அதைக் காட்டினால் டேரனின் பொய் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

“சரி, தொலைபேசியைக் கொண்டுவா. யாருக்கு அனுப்பியிருக்கிறாய் என்று பார்ப்போம்” என்றாள் அந்தப் பெண்.

உடுப்பு மாற்றும் அறையில் வைத்திருந்த தொலைபேசியை எடுக்கத் தவம் எழும்பினார். அந்தப் படம் ஒரே ஒரு குழுவுக்குத்தான் போயிருந்தது. அந்தக் குழுவில் மெல்பேர்னில் இருப்பவள் ஒருத்திதான். ஆயுத பூசையன்று தன் தலைக்கு மேலே கேட்ட “ஓகே, அப்பா” இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“தேவையில்லை” என்றார் தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில். “நானே எடுத்தது. நானே வெளியில் இருப்பவர்களுக்குக் கொடுத்தது. வேறு யாருமில்லை.”

டேரன் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தான். பிறகு நான்காக. தவத்தின் பெயர் இருந்த துண்டு மேசையிலிருந்து வழுகி அவருடைய சப்பாத்தின் மேல் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில், காவலாளி பார்க்காத நேரத்தில், படத்தைத் தொலைபேசியிலிருந்தும் குழுவிலிருந்தும் அழித்தார். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தன் விரலாலேயே அழித்தார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

நானூறு பேருக்குக் குறையாது. வேலை உடுப்போடு ஒருவர் வெளியே வருவதைக் கண்டதும் கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

“வெட்கம்! வெட்கம்! வெட்கம்!”

ஓர் இளம்பெண் கம்பி வேலிக்கு மேலாகச் சிவப்புச் சாயத்தை வீசினாள். அது அவருடைய சேட்டின் மார்பிலும் சன்னம் கிடந்த தோளிலும் வழிந்தது. “எத்தனை பிள்ளைகளைக் கொன்றாய் இன்றைக்கு?” என்று ஒரு கிழவர் அவருடைய முகத்துக்கு நேரே கத்தினார்.

அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கியில் அவருக்குத் தெரிந்த குரல் கேட்டது.

“இந்தச் சுவர்களுக்குள்ளே மனசாட்சியுள்ள ஒரு தொழிலாளி இருக்கிறார்! இந்தப் படம் அவர் நமக்குத் தந்தது! அவருடைய பெயரை நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அவருக்காகக் கைதட்டுங்கள்!”

கூட்டம் கைதட்டியது. வெட்கம் என்று கத்திய அதே வாய்கள் ஆரவாரித்தன. சாயம் வீசிய பெண்ணும் சிவந்த கைகளைத் தட்டினாள். தவம் சாயம் வழிய வழிய அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்தார்.

சஜிதா அவரைக் கண்டாள். ஒலிபெருக்கி இன்னும் வாயருகே இருந்தது.

“அப்பா...”

அந்தச் சொல் தெரு முழுக்க ஒலித்தது. அதன் பொருள் அங்கே யாருக்கும் தெரியவில்லை. புதுக் கோஷமாக்கும் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் “அப்பா! அப்பா!” என்று திருப்பிக் கத்தினார்கள்.

அவளை முன்பின் தெரியாதவரைப் போலத் தவம் பஸ் தரிப்பிடத்தைப் பார்த்து நடந்தார்.

*

திங்கட்கிழமை விண்ணப்பம் போகவில்லை. அதற்குப் பதிலாகப் பொலிஸ் வந்தது. இரண்டு மணிநேரம் விசாரித்தார்கள். தவம் ஒரே பதிலையே சொன்னார். புதன்கிழமை அவருடைய விசாவை ரத்துச் செய்து தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

விமலாதேவி வந்து பார்த்தார்.

“தவம், என்னை விசரியாக்காதேங்கோ. இது உங்கட வேலை இல்லை. உண்மையைச் சொன்னா ஏதும் செய்யலாம்.”

“உண்மை அதுதான் அக்கா. அதை விடுங்கோ. பிள்ளையின்ர அலுவல் என்ன?”

“அவளின்ர கேசும் உங்கட பேருக்குக் கீழதான் கிடக்கு. நீங்கள் கவிழ்ந்தா அவளும் கவிழ்வாள்.”

“பிரிச்செடுக்க ஏலாதோ?”

விமலாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏலும். விருப்பத்தோட திரும்பிப் போறன் எண்டு நீங்கள் கையெழுத்துப் போட்டா, அவளுக்குத் தனியா எழுதலாம். ஏழு வயதில வந்த பிள்ளை, இங்க படிச்ச பிள்ளை எண்டு. கிடைக்குமெண்டு சத்தியம் பண்ணமாட்டன்.”

“எந்த இடத்தில போடவேணும்?”

“தவம், அங்க போனா உங்களை...”

“எந்த இடத்தில எண்டு காட்டுங்கோ அக்கா.”

*

ஞாயிற்றுக்கிழமை கிருபானந்தன்தான் சஜிதாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனான். வழியில் தொண்டையைச் செருமினான்.

“பிள்ளை, ஒளிக்கிறன் எண்டு நினைக்கக் கூடாது. கொப்பரின்ர மெசினில இப்ப என்னைத்தான் பழக்கிறாங்கள்.”

சஜிதா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த ஹூக்கோ, அங்கிள்?”

“வேறென்ன. எனக்கும் விசா வேணுமே. டேரன் எனக்கும் கடிதம் தாறன் எண்டவன்.” கொஞ்சத் தூரம் போனதும், “அந்தப் பொட்டை நான் அழிக்கேல்ல. அப்பிடியே கிடக்கு” என்றான், அது ஏதோ பெரிய உபகாரம் போல.

முகாமின் பார்வையாளர் அறையில் தவம் உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் பத்து வயது கூடிவிட்டது. சஜிதா ஓடி வந்து அவருடைய கைகளைப் பிடித்தாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

“அப்பா, நான் போய்ச் சொல்லப்போறன். நான்தான் போட்டனான் எண்டு. ஐ டோண்ட் கேர்.”

“சொல்லு. சொன்னா ரெண்டு பேரையும் ஒரே பிளேனில ஏத்துவாங்கள். கொம்மா கஞ்சி எடுக்கப் போன இடத்தை உனக்குக் காட்டுறன்.”

சஜிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“சொறி அப்பா. நான் எல்லாத்தையும் வெட்டினனான். முகம், கை, எல்லாம். சத்தியமா ஆரும் கண்டுபிடிக்க மாட்டினம் எண்டுதான்...”

“வெள்ளிக்கிழமை மட்டும் பொறு எண்டு உன்ர காலைப் பிடிச்சனான்.”

“சொறி, அப்பா” என்றாள் அவள் மறுபடியும்.

“சொறி சொல்லாத, பிள்ளை” என்றார் தவம். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். “நீ செய்தது சரி. நான் செய்தது பிழை. ஒரு மாசம் தெரிஞ்சுகொண்டு செய்தனான். கொம்மா இருந்திருந்தா உன்ர பக்கம்தான் நிண்டிருப்பாள். அது எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சும் உன்ர முகத்தைப் பாக்க என்னால ஏலாமல் கிடக்கு.”

“அப்பா...”

“வாற கிழமை எனக்குப் பிளேன். கையெழுத்துப் போட்டிட்டன். விமலாதேவி அக்கா உனக்குத் தனியா எழுதுவா. அவ சொல்லுறதைக் கேள். இங்க இனி வராத.”

“என்னை மன்னிக்க மாட்டீங்களோ?”

தவம் மகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

“இப்ப ஏலாது” என்றார். “பிறகு ஏலுமோ தெரியேல்ல.”

எழுந்து உள்ளே போனார்.

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை, அவள் திரும்பவும் வந்தாள். அதிகாலையில் எழுந்து புட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து பெட்டியில் போட்டுக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்தாள். வாசலில் காவலர் பட்டியலைப் பார்த்தார். உள்ளே தொலைபேசியில் பேசினார்.

“உன்னைச் சந்திக்க அவருக்கு விருப்பமில்லையாம்.”

“இந்தச் சாப்பாட்டையாவது குடுங்கோ, ப்ளீஸ்.”

“வீட்டில் சமைத்தது உள்ளே போக முடியாது.” காவலர் மறுபடி தொலைபேசியைக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்தில் யாரோ எதையோ சொன்னார்கள். “நீ என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்கிறார்.”

“புட்டு” என்றாள் சஜிதா. அவளுடைய முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. “புட்டு எண்டு சொல்லுங்கோ.”

காவலர் அந்தச் சொல்லை அரைகுறையாகச் சொன்னார். காத்திருந்தார். பிறகு தொலைபேசியை வைத்தார்.

“அதை நீயே சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமாம். பசியோடு பஸ் ஏற வேண்டாமாம்.”

“வேற ஒண்டும் சொல்லேல்லயோ?”

“இல்லை.”

சஜிதா முகாமின் மதிலோரம் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். புட்டு ஆறிக் கட்டிபட்டிருந்தது. பிசைந்து வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. ஆனாலும் விழுங்கினாள். பெட்டி காலியாகும்வரை ஒரு பருக்கை மிச்சம் விடாமல் அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மதிலின் மேலிருந்த கமராவின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் தவம் இருக்கவில்லை.